மஞ்சள் கருவில் ஒரு தீச்சட்டி

முட்டையின் மஞ்சள் கருவை உடையாமல் உள்ளங்கையில் உருட்டத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் இளக்காரம்தான். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் ஒரு நாள் ஆப்பாயில் போடப் போய்க் கருவை உடைத்துவிட்டு வருத்தப்பட்டார். இன்னொரு முட்டையை எடுத்து, வெள்ளையை விரலிடுக்கில் வழியவிட்டு, மஞ்சளை மட்டும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி உருட்டிக் காட்டினேன். சமையல் படித்த பெண் என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். நான் படித்தது ஓவியம். அதுவும் நாலாம் வகுப்பு முடிந்த லீவில், தேனி அல்லிநகரத்தில் ஒரு மாடி ஹாலில், கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் நான் போட்ட ஆட்டத்தை எங்கள் தெருவில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

எங்கள் ஊர் தேனியிலிருந்து சின்னமனூர் போகிற பாதையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, தேனியில் பிளக்ஸ் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டரில் முகங்களை வெட்டி ஒட்டுகிறவர். அவர் கடைக்கு எதிர் மாடியில்தான் பிள்ளைகளுக்கான ஓவியப் பட்டறை என்று ஒரு போர்டு தொங்கியது. நானோ வீட்டுச் சுவர், பீரோ, அப்பாவின் உர மூட்டை என்று எதையும் விட்டுவைக்காமல் கிறுக்கிக்கொண்டிருந்த காலம். "இவள அங்கன கொண்டுபோய் விட்டா வீடாவது மிஞ்சும்க்கா" என்று மாமா சொன்னதும் அம்மா சம்மதித்துவிட்டாள். தினமும் மாமா பைக்கில் என்னைக் கூட்டிப் போய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

டீச்சர் குமுளிப் பக்கத்து மலையாளி. இளவயசு. 'போதும்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'மதி' என்பார். ஆளுக்கொரு பெயின்ட் பெட்டி தருவார்கள் என்று காத்திருந்த எங்கள் முன்னால் அவர் ஒரு முட்டையை எடுத்து டம்ளர் விளிம்பில் தட்டி உடைத்தார். பசி போல என்றுதான் நினைத்தோம். வெள்ளை டம்ளருக்குள் வழிய, மஞ்சள் மட்டும் அவர் உள்ளங்கையில் நின்றது. அதை இடது கைக்கு மாற்றி வலது கையைத் துணியில் துடைத்தார். திரும்ப வலது கைக்கு மாற்றி இடது கையைத் துடைத்தார். ஈரம் போகப் போக அது வழுக்காமல் கைக்கு அடங்கியது. பிறகு இரண்டு விரலால் அதன் தோலைக் கிள்ளி அலுங்காமல் தூக்கினார். முட்டைக் கருவுக்குத் தோல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தரத்தில் தொங்கியதை ஊசியால் ஒரு குத்துக் குத்தியதும் மஞ்சள் கிண்ணத்துக்குள் ஒழுகிவிட, விரல் நடுவில் வெறும் தோல் மிச்சம் நின்றது. நான் என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். யாரும் கூடத் தட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கருவில் சொட்டுத் தண்ணீர் விட்டு, செங்காவிப் பொடியைப் போட்டுக் கண்ணாடித் துண்டின் மேல் குழைத்தால் அதுதான் பெயின்ட். டியூப்பில் பெயின்ட் வருவதற்கு முன்னால் வெளிநாடுகளில் சாமி படங்களை எல்லாம் இப்படித்தான் வரைந்தார்களாம். எத்தனை தலைமுறை போனாலும் நிறம் மங்காதாம். மாமா அடிக்கிற பிளக்ஸ் ஒரு கோடை வெயிலுக்கே வெளுத்துப்போகும். அன்று சாயங்காலம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து இதை அவரிடம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "ஒருநாள் கிளாஸுக்கே இம்புட்டு வாயா?" என்றார் மாமா.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் கறி ஆகாது, மீன் ஆகாது, முட்டையும் ஆகாது. எங்கள் வீட்டிலோ கட்டுப்பாடு இன்னும் அதிகம். அந்த வருஷம் அம்மா தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். கோயிலில் கட்டிவிட்ட மஞ்சள் கயிறு அவள் மணிக்கட்டில் இருந்தது. எதற்காக நேர்த்தி என்று கேட்டால், "அது எனக்கும் ஆத்தாளுக்கும் உள்ளது" என்பாள். எது நடந்தாலும் இந்த வருஷம் சட்டி எடுத்தே தீருவேன், எடுக்காமல் விட்டால் சோறு இறங்காது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் போய், நாளைக்கு ஒரு நாட்டுக்கோழி முட்டை கொண்டுபோக வேண்டும் என்று நான் நின்றேன்.

அப்பாவின் அக்கா அடுத்த வீட்டில் இருந்தாள். எந்தச் சாமிக்கு எது ஆகும், எது ஆகாது என்பதில் பூசாரிக்கே சந்தேகம் வந்தால் அந்த அத்தையிடம்தான் வந்து கேட்பார். அவள் காதில் இது விழுந்ததும் தெருவே அதிர்ந்தது. முட்டையைத் தொட்ட கையோடு காப்புக் கட்டின வீட்டுக்குள் வருவதா, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, படம் போடாவிட்டால் இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாதா என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. அன்றுதான் ஆரம்பித்த சந்தோஷம் அன்றைக்கே முடிந்துவிடும் போல இருந்தது.

மாமா நேராகக் கோயிலுக்குப் போனார். பூசாரியிடம், "அண்ணே, எங்கக்கா மக தேனியில பெயின்ட் அடிக்கப் பழகுது. காப்பு நேரத்துல அடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். பெயின்ட் அடிப்பதில் என்னப்பா தோஷம், கோயிலுக்கே இப்போதுதானே அடித்தோம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். மாமா திரும்பி வந்து, "பூசாரியே அடிக்கலாம்னு சொல்லிட்டாக மதினி" என்று அத்தையிடம் முடித்துவிட்டார். முட்டை என்ற சொல்லை அவர் எடுக்கவே இல்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். பூசாரி சொன்ன பிறகு அத்தையால் மறுக்க முடியவில்லை. ஆனால் நிபந்தனை போட்டாள். முட்டையை மாமா தேனியிலேயே வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். நான் திரும்பி வந்ததும் வாசலிலேயே தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். வரைந்த படம் காப்பு அவிழ்க்கிற வரை வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

"அது காஞ்சு போன முட்ட மதினி. காஞ்சாலும் முட்டையா?" என்று மாமா வாதாடிப் பார்த்தார்.

"கருவாடு காஞ்சுதான் இருக்கு. அதுக்காகக் காய்கறின்னு சொல்லுவியா?" என்றாள் அத்தை.

எப்படியோ, எனக்குப் பட்டறை தப்பித்தது. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்வேன், அத்தை செம்பு செம்பாக ஊற்றுவாள். அப்படிக் குளித்துவிட்டு உள்ளே போனாலும், நான் கிட்டப் போனதும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடி ஓங்கரிப்பாள். மஞ்சள் தண்ணீருக்கும் போகாத முட்டை வாடையை மோந்து பிடிக்கிற அளவுக்கு அம்மாவுக்கு பக்தி இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. பட்டறையில் பக்கத்து இருக்கைப் பையனிடம்கூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஆளுக்கொரு பலகை கொடுத்தார்கள். சாக்பீஸ் மாவையும் பசையையும் காய்ச்சிப் பூசி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று ஆக்கிய பலகை. கன்னத்தை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். வீட்டில் இருக்கிற ஒருவரை வரையச் சொன்னார் டீச்சர். நான் யோசிக்கவே இல்லை. தீச்சட்டி எடுக்கிற அம்மா. திருவிழாவுக்கு முன்னாலேயே திருவிழாவை வரைந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

இந்தப் பெயின்ட் வைத்த மாத்திரத்தில் காய்ந்துவிடும். வாட்டர் கலர் மாதிரி இழுத்துத் தேய்க்க முடியாது. மயிர் போல மெல்லிய கோடு ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதன் மேல் குறுக்கே இன்னொன்று என்று கோடு கோடாகத்தான் நிறத்தை ஏற்ற வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். ஆனால் அந்த நெருப்பை வரையும்போது நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. மஞ்சளுக்கு மேல் காவி, காவிக்கு மேல் சிவப்பு, நுனியில் திரும்ப மஞ்சள். கோடு விழ விழ நெருப்பு உண்மையாகவே எரிய ஆரம்பித்தது. "மதி மதி, இனி தொடாதே" என்று டீச்சர் தூரிகையைப் பிடுங்கி வைத்தார்.

முகத்துக்கு முதலில் பச்சை பூச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அதன் மேல் தோல் நிறத்தைக் கோடு கோடாக ஏற்றினால்தான் முகத்தில் உயிர் வருமாம். பூசிவிட்டுப் பார்த்தால் பக்கத்து இருக்கைப் பையன் சிரிக்கிறான். "ஒங்கம்மா என்ன பச்சக்காளியா?" என்றான். அவன் வரைந்த சேவலைப் பார்த்து, அது சேவலா பப்பாளிக்காயா என்று நான் கேட்டதில் அவன் வாய் மூடிக்கொண்டது. மறுநாள் பச்சையின் மேல் காவியும் வெள்ளையும் கலந்து ஏற்ற ஏற்ற, உள்ளேயிருந்து அம்மாவின் முகம் மெதுவாக வெளியே வந்தது. வெயிலில் தோட்டத்துக்குப் போய் வந்த அம்மாவின் நிறம் அப்படியே இருந்தது. இது நான் செய்ததா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது கைகள். கையை நினைவிலிருந்து வரையக் கூடாது, வீட்டுக்குப் போய் அம்மாவின் கைகளையே பார்த்துவிட்டு வா என்று டீச்சர் அனுப்பினார். நானும் அன்று சாயங்காலம் பூராவும் அம்மாவின் பின்னாலேயே திரிந்தேன். வலது கை பாத்திரம் எடுக்கும், கிண்டும், துடைக்கும். இடது கை மட்டும் முந்தானைக்கு அடியில் போய் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஏதாவது வேலைக்கு வெளியே வந்தாலும் வேலை முடிந்ததும் திரும்ப அங்கேயே போய்விடும். நடக்கும்போதும் அங்கேதான், அப்பாவிடம் பேசும்போதும் அங்கேதான். பார்த்தபடியே வரைந்தேன். வலது கையில் வேப்பிலையும் தீச்சட்டியும். இடது கை வயிற்றில்.

கூட்டிப்போக வந்த மாமா நெருப்பைக் குனிந்து குனிந்து பார்த்தார். அப்புறம் கையைப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். ஒத்தக் கையில யாருடி தீச்சட்டி எடுப்பா? ஒங்கம்மா என்ன சர்க்கஸ்காரியா?"

எங்கள் ஊரில் சட்டியை இரண்டு கையாலும்தான் ஏந்த வேண்டும். கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "அம்மா கை அங்கனதான் இருக்கும் மாமா. நான் பாத்துத்தான் வரைஞ்சேன்" என்று முறைத்துக்கொண்டு நின்றேன். திருத்தச் சொன்னார். மாட்டேன் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் உதைத்தது என்பதும் உண்மை.

கடைசி நாள் படங்களைச் சுவரில் மாட்டி, பெற்றவர்களை வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். காப்புக் கட்டிய கையோடு முட்டை வாடைக்குள் வரமுடியாதாம். நான் நடுவீட்டில் விழுந்து புரண்டு அழுதேன். அப்பா மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். கடைசியில், தேனியில் திருவிழாச் சாமான் வாங்க வேண்டிய அத்தைதான், "அப்படி என்ன முட்டையில வெட்டி முறிச்சிருக்கான்னு நாம் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினாள்.

ஹால் வாசலிலேயே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள் அத்தை. சேவல், ரோஜாப்பூ, வைகை அணை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் படத்தின் முன்னால் நின்றாள். மூக்கில் இருந்த முந்தானை தானாக நழுவியது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெருப்பைப் பார்க்கிறாளா, முகத்தைப் பார்க்கிறாளா என்று எனக்குத் தவிப்பு. அவள் இரண்டையும் பார்க்கவில்லை.

"இந்தக் கை ஏன் ஆத்தா இங்கன இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா எப்பவும் அங்கனதான் கைய வச்சிருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும். நீங்க வந்தா மட்டும் எடுத்துரும்."

அத்தை டீச்சரிடம் கேட்டுப் படத்தைக் கழற்றி வாங்கினாள். சாமான் வாங்க வந்தவள் எதுவும் வாங்காமல் பஸ் ஏறினாள். படத்தைத் தன் புடவை முந்தானையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முட்டை, அதுவும் காப்பு நேரத்தில், அத்தை மடியில். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஓவியத் திறமை ஒரு மனுஷியையே மாற்றிவிட்டது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் மிதந்தேன்.

வாசலில் மஞ்சள் தண்ணீர் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தை என்னையும் தள்ளிக்கொண்டு படத்தோடு நேராக வீட்டுக்குள் போனாள். அங்கே இருந்த மாமா பதறிப்போய், "மதினி, முட்ட வீட்டுக்குள்ள வந்துருச்சு" என்றார். "அதான் காஞ்சு போச்சுல்ல. பெறகென்ன?" என்று சொல்லிவிட்டு, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அம்மா இருந்தாள்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எனக்குக்கூடச் சொல்லக் கூடாதா ஆத்தா?" என்று கேட்டிருக்கிறாள் அத்தை.

"சொன்னா சட்டி எடுக்க விடுவீகளா மதினி? போன ரெண்டும் தங்கல. இது தங்குனா தீச்சட்டி எடுக்குறேன்னு ஆத்தாகிட்ட வாய் குடுத்துட்டேன். தங்கிருச்சு. இப்பப் போய் மாட்டேன்னா அவ மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

"வயித்துல புள்ளையோட நெருப்பத் தூக்கிட்டு வான்னு எந்த ஆத்தாளும் கேக்க மாட்டா. குடுத்தவளுக்குக் காப்பாத்தவும் தெரியும். ஒனக்குப் பதிலா நான் எடுக்குறேன்."

என் தம்பி வரப்போகிற விஷயம் இப்படித்தான் வெளியே வந்தது. அதுவரை அம்மா அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அத்தை பூசாரியிடம் போய்ச் சொல்லி, வீட்டு நேர்த்தியை அப்பாவோடு பிறந்தவள் செலுத்தலாம் என்று உத்தரவு வாங்கி, மஞ்சள் கயிற்றைத் தன் கையில் கட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று விட்டுவிட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் இதுதான்: அத்தை படத்தைப் பார்த்தாள், அந்தக் கையைப் பற்றிக் கேட்டாள், வீட்டுக்கு வந்தாள், அம்மாவை அழவைத்தாள், சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். என் படத்தில் அம்மா ஒற்றைக் கையால் சட்டி பிடித்திருக்கிறாள். அதைப் பார்த்துத்தான், இவளுக்குச் சட்டி பிடிக்கத் தெரியாது என்று அத்தை முடிவு செய்துவிட்டாள். எத்தனை நாளாக அம்மா ஏங்கிக் கிடந்த சட்டி, என் வறட்டுப் பிடிவாதத்தால் போய்விட்டது. அன்று சோறு எனக்குத்தான் இறங்கவில்லை.

அத்தை வீட்டுக்கு ஓடினேன். "அம்மாவுக்கு ரெண்டு கையாலயும் பிடிக்கத் தெரியும் அத்த. நான்தான் தப்பா வரைஞ்சுட்டேன். அம்மாவுக்கே சட்டியக் குடுத்துருங்க" என்று கும்பிட்டேன். அத்தை முதலில் விழித்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "நீ தப்பா வரையல தாயி" என்றாள். அது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

திருவிழாவன்று கொட்டுச் சத்தத்தில் தெரு கிடுகிடுத்தது. மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக அத்தை இரண்டு கையாலும் சட்டியை ஏந்தி வந்தாள். எனக்குக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிழலில் உட்காரவைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோயில் முன்னால் சட்டி இறங்கியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லாதது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அதன் பிறகு படத்தைப் பார்க்க ஆள் வந்தபடி இருந்தார்கள். நான் உயிரைக் கொடுத்து வரைந்த நெருப்பை ஒருத்தரும் பார்க்கவில்லை. வந்த பெண்கள் எல்லாரும் நேராக அந்தக் கையைப் பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள், என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். எனக்கு மானம் போயிற்று. இந்தத் தப்பை வைத்துக்கொண்டு இனி தெருவில் நடமாட முடியாது என்று தோன்றிவிட்டது.

காப்பு அவிழ்த்த மறுநாள் முதல் வேலையாக அத்தை வீட்டுக் கோழி இட்ட முட்டையை எடுத்து வந்தேன். கருவைக் கையில் உருட்டி, தோலைக் கிள்ளி, ஊசியால் குத்தினேன். டீச்சர் தந்த பொட்டலத்தில் மிச்சமிருந்த பொடியைக் குழைத்தேன். வயிற்றில் இருக்கிற கையை முதலில் புடவை நிறத்தால் மூட வேண்டும். அப்புறம் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கை. தூரிகையைக் கொண்டுபோய் வைக்கும்போது அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கை அங்கனயே இருக்கட்டும்" என்றாள்.

"தப்பும்மா. எல்லாரும் சிரிக்கிறாக."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

நான் துணைக்கு அப்பாவைப் பார்த்தேன். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவைப் பார்த்தேன். முதன்முதலில் தப்பைக் கண்டுபிடித்தவரே அவர்தானே. அவரும், "விடுடி, நல்லாத்தான இருக்கு" என்று கட்சி மாறிவிட்டார். வாசலில் நின்ற அத்தையோ குழைத்து வைத்த பெயின்டைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டிவிட்டாள். படித்துப் பழகிய ஒரு ஓவியக்காரி தன் தப்பைத் தானே திருத்தப் போகும்போது, ஒரு குடும்பமே கூடி நின்று தடுக்குமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.